பேச்சுவழக்கு, சமூகப் படிநிலை, புரிதல்

ஒருவர் வாய் திறந்து இரண்டு வாக்கியம் பேசியதும் அவருடைய ஊர், படிப்பு, தொழில், சில வேளைகளில் சாதி வரைக்கும் கேட்பவர் ஊகித்துவிடுகிறார். ஊகம் சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். எப்படியானாலும் அதற்குப் பின் நடக்கும் உரையாடல் அந்த ஊகத்தின் மேல்தான் நடக்கிறது. யார் அதட்டலாம், யார் திரும்பக் கேட்கலாம், யார் புரியாவிட்டாலும் ‘சரிங்க’ என்று தலையாட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்த முதல் இரண்டு வாக்கியத்திலேயே முடிவாகிவிடுகிறது. இதைச் சென்னையின் மேற்குப் புறநகரில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் வேலப்பன்சாவடியை வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

மொழியியலார் ஒரு மொழிக்குள் இருக்கும் வேறுபட்ட பேச்சுகளைக் கிளைமொழி என்பர். இடத்தால் மாறுவது வட்டாரக் கிளைமொழி; சாதி, வகுப்பு, கல்வி ஆகியவற்றால் மாறுவது சமூகக் கிளைமொழி. தமிழ் இலக்கண மரபுக்கு இது புதிய செய்தி அல்ல. தொல்காப்பியம் சொற்களை நான்காகப் பிரிக்கும்போதே திசைச்சொல்லுக்கு ஓர் இடம் தந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் பேச்சில் வழங்கும் கொடுந்தமிழுக்குத் தனியே ஓர் இலக்கணமும் இலத்தீனில் எழுதினார். வேறுபாடு உண்டு என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. அந்த வேறுபாட்டால் யாருக்கு என்ன இழப்பு என்ற கேள்விதான் பெரும்பாலும் கேட்கப்படாமல் போனது.

கிளைமொழி வேறுபாட்டால் மட்டும் இரண்டு தமிழர்களின் பேச்சு முறிந்துபோவது அரிது. நாகர்கோவில்காரரும் திருவொற்றியூர்க்காரரும் ஒரு தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்தால் முதல் ஐந்து நிமிடம் தடுமாறுவார்கள், பிறகு பழகிவிடும். “என்ன சொன்னீங்க?” என்று இருவரும் கூச்சமில்லாமல் கேட்டுக்கொள்வார்கள். அந்தக் கேள்வியை ஒரு பக்கம் மட்டுமே கேட்க முடிகிற இடங்களில்தான் சிக்கல் தொடங்குகிறது. காவல் நிலையம், வங்கி, பள்ளித் தலைமை ஆசிரியர் அறை, மருத்துவமனை ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள்.

சாவடிச் சாலை

சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கிப் போகும் இடம். வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று பூந்தமல்லியைச் சுற்றிய ஊர்ப்பெயர்களில் அந்தச் சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபோது அதில் சேர்ந்தது. இங்குள்ள பூர்விகக் குடிகளின் பேச்சு வட தமிழ்நாட்டு வழக்கு. உட்காருவதைக் ‘குந்துவது’ என்பார்கள், வலிப்பதை ‘நோவுது’ என்பார்கள், வீட்டுப் பக்கம் என்பதை ‘ஊட்டாண்ட’ என்பார்கள். இந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் அதற்குள் ‘அண்டை’ என்ற நல்ல பழைய சொல் இருப்பதைக் கவனிப்பதில்லை.

1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தன. தென் மாவட்டங்களிலிருந்து ஐ.டி.ஐ. படித்த இளைஞர்கள் வந்து குடியேறினார்கள். அவர்களோடு ‘ஏலே’யும் ‘என்னவே’யும் வந்தன. திருவள்ளூருக்கு வடக்கே போகப் போகத் தெலுங்கு. பூந்தமல்லியில் தலைமுறைகளாக உருது பேசும் குடும்பங்கள் உண்டு. பின்னர் நிலம் மலிவு என்று நகரத்திலிருந்து நடுத்தர வகுப்பினர் அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். கட்டடம் கட்ட ஒடியாவும் இந்தியும் பேசுவோர் வந்தார்கள்.

இத்தனை பேச்சுகளும் நேருக்கு நேர் சந்தித்துக்கொள்ளும் இடம் ஒன்று வேலப்பன்சாவடியில் உண்டு. இங்கே நெடுஞ்சாலை மேலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. இத்தகைய தனியார் கல்லூரி மருத்துவமனைகளில் வெளியில் ஆவதைவிடச் செலவு குறைவு என்பதால் சுற்றுவட்டாரத்துச் சித்தாள், பூக்காரம்மா, லேத் பட்டறைத் தொழிலாளி, வீட்டு வேலைக்குப் போகும் பெண் ஆகியோர் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். மாணவர்களோ தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும், நிகர்நிலைப் பல்கலைக்கழகமானால் அகில இந்தியக் கலந்தாய்வு வழியாகப் பிற மாநிலங்களிலிருந்தும் வருபவர்கள். பெரும்பாலானவர்கள் ஆங்கில வழியில் படித்தவர்கள். மாணவருக்கு வயது இருபதோ இருபத்திரண்டோ. நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்கு அவருடைய தாயின் வயது இருக்கும். வயதை வைத்துப் பார்த்தால் மரியாதை ஒரு திசையில் போக வேண்டும். வெள்ளைக் கோட்டை வைத்துப் பார்த்தால் எதிர்த் திசையில் போகிறது.

ஒலிக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது?

சென்னைப் பேச்சு ‘கெட்டுப்போன தமிழ்’ என்பது பரவலான கருத்து. இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. வாழைப்பழத்தை வட மாவட்டங்களில் ‘வாயப்பயம்’ என்பார்கள். மதுரைக்கும் தெற்கே ‘வாளப்பளம்’ என்பார்கள். இரண்டிலும் ழகரம் போய்விட்டது. ஒன்றில் யகரமாகவும் மற்றதில் ளகரமாகவும் மாறியது, அவ்வளவே. இலக்கணப்படி பார்த்தால் இரண்டும் ஒரே ‘குற்றம்’. ஆனால் ‘வாளப்பளம்’ என்று சொல்லும் மதுரைப் பேராசிரியரை யாரும் படிக்காதவர் என்று நினைப்பதில்லை. ‘வாயப்பயம்’ என்ற ஒரு சொல் வாயிலிருந்து விழுந்தால் போதும், பேசியவரைக் குடிசைப் பகுதியில் வைத்துவிடுகிறோம்.

இன்னும் நல்ல எடுத்துக்காட்டு ‘கொண்டு’ என்னும் துணைவினை. ‘வந்துகொண்டு’ என்பது பெரும்பான்மைப் பேச்சில் ‘வந்துகிட்டு’ ஆகிறது, பிராமணர் பேச்சில் ‘வந்துண்டு’ ஆகிறது, சென்னையில் ‘வந்துகினு’ ஆகிறது. மூன்றும் ஒரே சொல்லின் தேய்வுகள். அதேபோல ‘இருக்கிறது’ என்பது பொதுப் பேச்சில் ‘இருக்கு’ என்றும் சென்னையில் ‘கீது’ என்றும் குறுகியது. ஒன்று வாலை விட்டது, மற்றது தலையை விட்டது. வால் போனது நாகரிகம், தலை போனது கொச்சை என்பதற்கு மொழிக்குள் எந்தக் காரணமும் கிடையாது. ரகர றகர வேறுபாட்டைப் பெரும்பாலான தமிழர்கள் பேச்சில் விட்டுவிட்டார்கள். செய்தி வாசிப்பவர்களும் விட்டுவிட்டார்கள். அதற்காக யாரும் யாரையும் நகைப்பதில்லை.

ஒலிக்கு மதிப்பு, அதைப் பேசுபவரின் மதிப்பிலிருந்து வருகிறது. இதை அளந்து காட்டியவர்களில் அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் முக்கியமானவர். 1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் விலை உயர்ந்த கடை, நடுத்தரக் கடை, மலிவுக் கடை என மூன்று பெரிய கடைகளுக்குப் போனார். நான்காம் மாடியில் இருக்கும் ஒரு பொருளைச் சொல்லி அது எங்கே இருக்கிறது என்று விற்பனையாளர்களிடம் கேட்டார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்ற பதிலில் ரகரம் ஒலிக்கிறதா என்று குறித்துக்கொண்டார். கடையின் தகுதி உயர உயர ரகரமும் கூடியது. வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் அதே இடத்தில் ரகரத்தை விழுங்குவதுதான் உயர்குடிப் பேச்சு. கடலைத் தாண்டியதும் ஒரே ஒலியின் மதிப்பு தலைகீழாகிறது.

தமிழில் இந்த ஆய்வு சாதியிலிருந்து தொடங்கியது. பிரெஞ்சு அறிஞர் ஜூல் பிளாக் 1910இலேயே தமிழில் சாதியும் கிளைமொழியும் பற்றி எழுதினார். 1960களில் வில்லியம் பிரைட், ஏ.கே. இராமானுஜன் ஆகியோர் தமிழ், கன்னடம், துளு மொழிகளில் பிராமணர் பேச்சையும் மற்றவர் பேச்சையும் ஒப்பிட்டார்கள். கமில் சுவலபில், மு. சண்முகம் பிள்ளை ஆகியோரும் இத்துறையில் உழைத்தவர்கள். ஹரால்ட் ஷிஃப்மன், பிராமணரல்லாத படித்தவர்களின் பேச்சை ஒட்டி ஒரு பொதுப் பேச்சுத் தமிழ் உருவாகிவிட்டது என்றும், நாடகமும் திரைப்படமும் அதைப் பரப்பின என்றும் வாதிட்டார். பொதுப் பேச்சு என்று ஒன்று உருவானதும் அதற்கு வெளியே நிற்பவை ‘வழக்குகள்’ ஆகிவிடுகின்றன.

திரைப்படம் பரப்பியதில் இன்னொன்றும் உண்டு. பல பத்தாண்டுகள் சென்னைப் பேச்சு ரிக்‌ஷாக்காரருக்கும் ரவுடிக்கும் சிரிப்பு நடிகருக்கும் உரியதாகவே திரையில் ஒலித்தது. சந்திரபாபு, சோ, லூஸ் மோகன் ஆகியோர் வாயில் அது நன்றாகவே இருந்தது. ஆனால் நீதிபதியோ ஆசிரியையோ மருத்துவரோ அப்படிப் பேசிப் பார்த்த நினைவு நமக்கு இல்லை. ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ (2004) படத்தில் மருத்துவக் கல்லூரிக்குள் அந்தப் பேச்சு நுழைந்தபோதுகூட, அது அங்கே இருக்கக் கூடாத ஒன்று என்பதுதான் நகைச்சுவையின் அடிப்படை. ‘மெட்ராஸ்’ (2014), ‘சார்பட்டா பரம்பரை’ (2021) போன்ற படங்கள் அந்தப் பேச்சை நாயகர்களுக்குத் தந்தது பின்னால் நடந்தது.

வலியின் சொற்கள்

இதெல்லாம் மதிப்பு, மானம் பற்றிய விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. பல் நாற்காலியில் இதற்குப் பல்லே விலையாகலாம்.

பல்வலியில் மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி, அது எந்த மாதிரி வலி என்பது. குளிர்ந்த நீர் பட்டதும் நொடிப் பொழுது சுருக்கென்று குத்திவிட்டுப் போய்விடும் வலி ஒரு வகை. அப்போது பல்லின் உள்ளிருக்கும் கூழ் இன்னும் பிழைக்கும் நிலையில் இருக்கக்கூடும். சொத்தையை அகற்றி அடைத்தால் போதுமானதாக இருக்கலாம். எதுவும் படாமலே தானாகத் தொடங்கி, நெடுநேரம் நீடித்து, படுத்தால் இன்னும் கூடி, துடித்துத் துடித்து வரும் வலி வேறு வகை. அங்கே கூழ் மீளாத நிலைக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். வேர் சிகிச்சையோ பல்லை எடுப்பதோதான் வழி. தட்டிப் பார்த்தும், குளிர் வைத்துப் பார்த்தும், எக்ஸ்ரே எடுத்தும் உறுதி செய்வார்கள் என்றாலும் சோதனை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை நோயாளியின் சொல்தான் காட்டுகிறது.

இந்த வேறுபாடுகளுக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. சுருக்குனு, விண்ணு விண்ணுனு, கடுகடுன்னு, குடையுது, தெறிக்குது, இழுத்துப் பிடிக்குது, மதமதன்னு, கூசுது என்று இரட்டைக்கிளவியும் ஒலிக்குறிப்பும் வரிசையாக உண்டு. மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக், வலியைச் சொற்களால் அளக்க 1975இல் வெளியிட்ட வினாநிரலில் 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கினார். பூந்தமல்லிச் சந்தையில் காய் விற்கும் ஓர் அம்மா அந்த வேலையைப் பெரும்பாலும் யோசிக்காமலே செய்துவிடுவார்.

இப்படி ஒரு பேச்சை எடுத்துக்கொள்வோம்: “ராத்திரிக்கெல்லாம் விண்ணு விண்ணுன்னு தெறிக்குதும்மா, கண்ணு மூட முடில. தலைய சாச்சா இன்னும் ஜாஸ்தியா நோவுது.” நோயைக் கண்டறியத் தேவையான மூன்று குறிப்புகள் இதில் இருக்கின்றன: துடிக்கும் வலி, இரவில் வருவது, படுத்தால் கூடுவது. கேட்கும் மாணவிக்கு ‘வலி’ மட்டும் விளங்கினால் கேஸ் ஷீட்டில் ஏறுவது ‘வலது கீழ்க் கடைவாயில் ஒரு வாரமாக வலி’ என்பதன் ஆங்கிலம். நோயாளியின் முதன்மைக் குறையை அவருடைய சொந்தச் சொற்களிலேயே எழுத வேண்டும் என்று மருத்துவப் பாடநூல்கள் சொல்கின்றன. நம் ஊரில் கேஸ் ஷீட் ஆங்கிலத்தில் இருப்பதால், சொந்தச் சொல் எழுதப்படும் நொடியிலேயே காணாமல் போகிறது. இந்த விதி தமிழ்நாட்டில் தினமும் ஆயிரம் முறையாவது மீறப்படும். யாரும் அதை மீறல் என்று கருதுவதும் இல்லை.

சில சொற்கள் உண்மையாகவே இடறும். ‘இழுப்பு’ என்றால் ஒரு வீட்டில் மூச்சிழுப்பு, இன்னொரு வீட்டில் வலிப்பு. ‘கை காலு இழுத்துகிச்சு’ என்றால் பக்கவாதமாகவும் இருக்கலாம். ‘மயக்கம்’ என்பது தலைசுற்றலா, நினைவு தப்பியதா என்பதைத் திரும்பக் கேட்டால்தான் தெரியும். தெற்கே காய்ச்சல் என்பதைச் சென்னையில் ஜுரம் என்பார்கள். மாதவிலக்கையும் கருவுற்றிருப்பதையும் நேராகச் சொல்லாமல் ‘தூரம்’, ‘முழுகாம இருக்கா’ என்று சுற்றிச் சொல்வது பரவலான வழக்கம். எக்ஸ்ரே எடுக்கும் முன் தெரிந்தாக வேண்டிய செய்தி அப்படியே நழுவிப்போகலாம். மறுபக்கம், ‘ரிப்போர்ட் பாசிட்டிவ்’ என்று மருத்துவர் சொன்னால் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பொதுப்பொருள் நல்லதுதானே.

புகையிலைக் கேள்வி இன்னும் நுட்பமானது. “புகையிலைப் பழக்கம் உண்டா?” என்று எழுத்துத் தமிழில் கேட்டால் பலர் இல்லை என்பார்கள். வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலைதான் அவர்கள் மனத்தில் வருவது. கன்னத்தில் அடக்கும் மாவாவை அதில் சேர்ப்பதில்லை. குட்காவும் புகையிலை கலந்த பான் மசாலாவும் 2013இல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை என்பதால் வெள்ளைக் கோட்டைப் பார்த்து அதை ஒப்புக்கொள்ளும் தயக்கமும் சேர்ந்துகொள்ளும். அதட்டலாகக் கேட்டால் கதவு முழுதாக மூடிவிடும். வாய்ப்புற்றுநோயைத் தொடக்கத்தில் கண்டுபிடிப்பதற்குக் கிடைக்கும் வாய்ப்பு பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

‘சரிங்க’ என்னும் பதில்

புரியாத நோயாளி “புரியல” என்று சொல்வது குறைவு. “சரிங்க டாக்டர்” என்பதுதான் வழக்கமான பதில். இது சம்மதமோ புரிதலோ ஆக வேண்டியதில்லை. பேச்சை மரியாதையோடு முடிக்கும் ஒரு சொல் மட்டுமே. தன் பேச்சைக் கேட்டு எதிரில் இருப்பவர் லேசாகப் புன்னகைத்ததையும், பக்கத்து மாணவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னதையும் கவனித்தவர் மேற்கொண்டு வாய் திறக்க விரும்புவதில்லை.

பல் எடுத்த பிறகு சொல்லும் அறிவுரையை நினைத்துப் பாருங்கள். பஞ்சை அழுத்திக் கடித்திருக்க வேண்டும், எச்சிலைத் துப்பக் கூடாது, வாய் கொப்பளிக்கக் கூடாது, மரத்த உதட்டைக் கடித்துவிடக் கூடாது. துப்பினாலோ கொப்பளித்தாலோ பல் இருந்த குழியில் உறைந்த இரத்தம் பெயர்ந்து, மறுபடி இரத்தம் கசியவும் குழி காய்ந்து கடும் வலி வரவும் கூடும். ஆனால் இரத்தம் கலந்த எச்சிலை விழுங்குவது பலருக்கு அருவருப்பு. சமமானவரிடம் என்றால் “அத்த எப்டிம்மா முயுங்குறது?” என்று கேட்டுவிடுவார்கள். இங்கே கேட்காமல் சரி என்கிறார்கள். வெளியே வந்ததும் துப்புகிறார்கள். மேல் பல்லை எடுத்தால் கண்பார்வை குறையும் என்ற அச்சமும் அப்படித்தான். மிகப் பரவலான நம்பிக்கை அது, ஒரு வாக்கியத்தில் தெளிவாக்கிவிடலாம். ஆங்கிலம் கலந்து சரளமாகப் பேசும் ஒருவர் முன்னால் அதை வெளியே சொன்னால் பட்டிக்காடு என்று நினைப்பாரோ என்ற கூச்சம் தடுக்கிறது. அடுத்த முறை அவர் வராமலே போவதற்குப் பணமில்லை, நேரமில்லை என்று காரணம் எழுதிக்கொள்கிறோம்.

எழுத்துத் தமிழ் இதன் மேல் இன்னொரு சுவர். எழுத்துக்கு ஒன்றும் பேச்சுக்கு ஒன்றுமாக இரு நிலைகள் நிலவுவதை இரட்டை வழக்கு என்பர். சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இக்கருத்தை ஆங்கில உலகுக்கு விரித்து எழுதினார். ஒப்புதல் படிவம் தமிழில் இருந்தாலும் ‘பின்விளைவுகள் குறித்து எனக்கு விளக்கப்பட்டது’ என்னும் நடையில் இருக்கும். அதை உரக்கப் படித்துக் காட்டுவதால் மட்டும் அது பேச்சாகிவிடாது. சமிரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், போதிய தகவல் தந்து பெறும் ஒப்புதலே செல்லும் என்று தெளிவுபடுத்தியது. தகவல் எந்தத் தமிழில் தரப்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் ‘போதிய’ என்பதற்குப் பொருள் கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது.

வா, வாங்க

மரியாதை விகுதி இந்த நாடகத்தின் மிகச் சிறிய, மிகக் கூர்மையான பகுதி. சென்னை வழக்கில் ‘வா சார், குந்து சார்’ என்பது சாதாரணம். ஒருமையும் ‘சார்’ உம் ஒரே மூச்சில் வரும். ‘இன்னாபா’ என்பதில் உரிமைதான் இருக்கிறது. கொங்கு வழக்கிலோ ‘ஏனுங்க’, ‘சரிங்க’ என்று ‘ங்க’ ஒட்டாத வாக்கியமே அரிது. கோயம்புத்தூரிலிருந்து வந்த மாணவிக்கு முதல் வாரத்தில் பத்துப் பேர் “இன்னாம்மா, எம்மா நேரம் குந்துறது?” என்று கேட்டால் எல்லாரும் தன்னோடு சண்டைக்கு வருவதாகப் படும். திருநெல்வேலித் தொழிலாளியின் செல்லமான ‘ஏலே’ அம்பத்தூரில் அதட்டலாகக் கேட்கும்.

ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் ஆகிய இருவரும் 1960இல் ஐரோப்பிய மொழிகளின் நீ–நீங்கள் வேறுபாட்டை ஆராய்ந்தபோது ஒரு பயனுள்ள பிரிவைச் சொன்னார்கள். இருவரும் ஒரே சொல்லைப் பரிமாறினால் அது ஒருமைப்பாடு. ஒருவர் ‘நீ’ என்றும் மற்றவர் ‘நீங்கள்’ என்றும் சொன்னால் அது அதிகாரம். இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் ஆட்டோக்காரரின் ‘வா சார்’ பெரிய குற்றமல்ல. தனக்கும் அதையே திருப்பித் தந்தால் அவர் ஏற்றுக்கொள்வார். தன் அம்மா வயதுப் பெண்ணிடம் “வாயைத் தொற, ஆட்டாதே” என்று சொல்லிவிட்டு, அடுத்த நாற்காலியில் ஆங்கிலம் கலந்து பேசுபவரிடம் “கொஞ்சம் வாயைத் திறங்க மேடம்” என்பதுதான் கவனிக்க வேண்டியது. சொன்னவருக்கு அது தெரிவதில்லை. கேட்ட இருவருக்கும் தெரியும்.

கேட்பவரின் பொறுப்பு

வழக்கு புரியாதபோது பேசியவரைக் குறை சொல்வது வழக்கம். கேட்பவரின் மனநிலைக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதை வாலஸ் லாம்பர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 1960இல் மாண்ட்ரியலில் காட்டினார்கள். இருமொழி தெரிந்த ஒருவரையே பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் படிக்கச் செய்து பதிவு செய்து, இருவேறு ஆட்கள் என்று எண்ணும்படி ஒலிபரப்பினார்கள். ஆங்கிலக் குரலுக்கு அறிவு, தோற்றம், உயரம்கூட அதிகம் என்று கேட்டவர்கள் மதிப்பிட்டார்கள். பிரெஞ்சு பேசுபவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள் என்பதுதான் வலிக்கும் இடம். சென்னை வழக்கு பேசுபவர் மைக் முன் நின்றதும் தன் பேச்சை மாற்றிக்கொள்வது இதன் உள்ளூர் வடிவம்.

தொனி இன்னும் மறைவாக வேலை செய்யும். இங்கிலாந்தின் ஒரு விமான நிலைய உணவகத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது, அவர்கள் முரட்டுத்தனமாக நடந்துகொள்வதாகப் புகார் எழுந்தது. ஜான் கம்பர்ஸ் போய் உரையாடல்களைப் பதிவு செய்து கேட்டார். ‘கிரேவி’ வேண்டுமா என்று கேட்க ஆங்கிலேயப் பெண்கள் அந்தச் சொல்லை ஏற்றத்தில் முடித்தார்கள். இவர்கள் இறக்கத்தில் முடித்தார்கள். இவர்கள் பார்வையில் அது கேள்விதான். கேட்டவருக்கு ‘கிரேவி, இந்தா பிடி’ என்பதுபோல் இருந்தது. பதிவைச் சேர்ந்து உட்கார்ந்து கேட்ட பிறகு இரு பக்கத்துக்கும் விளங்கியது. ஒரே சொல், ஒரே மொழி, இறுதியில் ஒரு சின்ன இறக்கம்.

பேச்சாளர்கள் ஒருவர் பேச்சை நோக்கி ஒருவர் நகர்வதை ஹவர்ட் கைல்ஸ் 1970களில் ஒரு கோட்பாடாக்கினார். நகர்வது யார் என்பதே படிநிலை. அம்பத்தூரில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் அலுவலகங்களில் இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து அமெரிக்க உச்சரிப்பைப் பழக்குகிறார்கள். அதற்குப் பயிற்சி என்று பெயர். அங்கிருந்து அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய வேலப்பன்சாவடியில், கூவக்கரைப் பேச்சை ஒரு மாணவர் கற்றுக்கொண்டால் அதற்குப் பெயர் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

சிறிது மாற்றம் வந்திருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2018இல் மனப்பான்மை, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்கென ஒரு பாடப்பகுதியை வெளியிட்டது; 2019இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. தொடக்கப் பயிற்சியில் உள்ளூர் மொழியும் உண்டு. ஆனால் உள்ளூர் மொழி என்று கற்பிக்கப்படுவது பாடநூல் தமிழானால் பயன் பாதிதான். ‘எங்கே வலிக்கிறது’ என்று கேட்கத் தெரிந்தவருக்கு ‘தோ, இங்க நோவுது’ என்ற பதிலும் விளங்க வேண்டும்.

நடைமுறையில் பலன் தருவது ஒரு எளிய வழி: “புரிஞ்சுதா?” என்று கேட்காமல், “வீட்ல போயி இன்னா பண்ணுவீங்க, ஒரு தபா சொல்லுங்க” என்று கேட்பது. சொன்னதைத் திருப்பிச் சொல்லவைக்கும் இந்த முறையை உலகெங்கும் மருத்துவமனைகளில் பரிந்துரைக்கிறார்கள். முதல் கேள்விக்குப் பதில் ‘சரிங்க’ மட்டுமே. இரண்டாவதற்கு நோயாளி தன் தமிழில் நாலு வாக்கியம் பேசியாக வேண்டும். துப்பலாமா விழுங்கலாமா என்பது அதில் வெளியே வந்துவிடும். பெரிய மருத்துவமனைகளில் இதை எந்தப் பயிற்சியும் இல்லாமல் செய்துவருபவர்கள் ஆயாம்மாக்கள். மருத்துவர் எழுந்து போனதும் “அவங்க சொன்னது தெரிஞ்சுதா? பஞ்ச எடுக்காத, எச்சிய முயுங்கிடு, நாளிக்கு காலீல வரிக்கும் வாயி கொப்புளிக்காத” என்று அவர்கள் ஒருமுறை சொல்வார்கள். நோயாளியும் தன் சந்தேகத்தை அவர்களிடம்தான் கேட்பார்.